காலியாகாத இடத்துக்குக் கட்டிய பரிவட்டம்

செயல் அலுவலராக முதல் கோயிலுக்குப் போகப் போகிறீர்கள். உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். நல்ல வார்த்தை எனக்கு வராது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் மேல் எனக்கே கோபம் தீராத ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கெட்ட அறங்காவலரிடம் எப்படி நடந்துகொள்வது என்று இந்நேரம் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். நல்ல அறங்காவலரைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கெட்டவர் ஒரு தாளை நீட்டினால் மூன்று முறை படிப்போம், திருப்பிப் பார்ப்போம், வெளிச்சத்தில் பிடித்தும் பார்ப்போம். நல்லவர் நீட்டினால் பேனா மூடியைத் திறந்துகொண்டே வாங்குவோம். நான் அப்படித்தான் வாங்கினேன்.

பெரிய காஞ்சிபுரத்தில்தான் நான் செயல் அலுவலராக இருந்த அந்தக் கோயில். பெயர் வேண்டாம். பஸ்ஸில் வரும் கூட்டமெல்லாம் பெரிய கோயில்களுக்குப் போய்விடும். எங்கள் கோயிலுக்குத் தெருக்காரர்களும் வழி தெரியாமல் வந்தவர்களும்தான் வருவார்கள். சுவாமி சந்நிதி ஒன்று, அம்மன் சந்நிதி ஒன்று, அறங்காவலர்கள் மூன்று பேர். குழுத் தலைவர் பட்டு நெசவுக் குடும்பத்துக்காரர். அவர் வீட்டில் இன்றைக்கும் நாலு தறி ஓடுகிறது. மனுஷன் சொக்கத் தங்கம். கோயில் செலவில் ஒரு டீ குடிக்க மாட்டார். கூட்டம் நடக்கும் நாளில் எங்களுக்கும் சேர்த்து வீட்டிலிருந்து காபி வரும்.

சுவாமி சந்நிதியில் தேவாரம் பாடும் ஓதுவார் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. அறங்காவலர் குழுவின் பதவிக்காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. இந்த இரண்டு கணக்கையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.

கலைச்செல்வி என்று ஒரு பெண். மாகறல் பக்கத்து ஊர். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். இந்தப் பெண் மூன்று வருடம் தேவாரம் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே அப்போதுதான் நிரந்தரமும் ஆகியிருந்தாள். லீவு நாளில் எங்கள் கோயிலுக்கு வந்து மண்டபத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்து பாடுவாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒரு பிரதோஷத்தன்று தலைவர் அதைக் கேட்டார். பாட்டு முடியும்வரை நின்ற இடத்தில் நின்றார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார்.

"பெரியவருக்கு அப்புறம் இந்தப் பொண்ணுதான் சார் நம்ம ஓதுவார்" என்றார்.

"நல்லதுதான். ஆனா உங்களுக்கு அடுத்து வரப்போறவரு விடணுமே" என்றேன்.

அடுத்த தலைவர் யார் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. அரிசி மண்டி வைத்திருக்கும் ஒருவர். அவர் கோயில் வாசலில் நாலு பேர் கேட்கவே சொல்லியிருந்தார்: "பொம்பளை சந்நிதியில நின்னுக்கினு பாடறதா? நான் இருக்கற வரைக்கும் அது நடக்காது." பொம்பளை என்பது மட்டும்தான் அவருடைய ஆட்சேபணையா என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

தலைவர் சொன்னார்: "தறியில பழைய பாவு நூல் தீர்ற வரைக்கும் எவனாவது காத்துக்கினு இருப்பானா சார்? கொஞ்சம் மீதி இருக்கும்போதே புதுப்பாவு இழையைப் பழைய இழையோட பிணைச்சுடுவோம். தறி நிக்கவே நிக்காது. அதே மாதிரி, பெரியவர் போறதுக்கு முன்னாலேயே இந்தப் பொண்ணைப் பிணைச்சுட்டுப் போயிடறேன். அப்புறம் யார் வந்தா என்ன?"

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. நானும் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். சட்டப் புத்தகம் பீரோவில் இருந்தது. நான் தறியை நினைத்துக்கொண்டேன்.

மற்றபடி எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். அறிவிப்பு ஒட்டினோம். மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். வெளியிலிருந்து ஒரு தேவார ஆசிரியரை வரவழைத்துப் பாடச் சொல்லிக் கேட்டோம். கலைச்செல்விதான் முதலில் வந்தாள். யாரும் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. இன்று வரை என் வயிற்றெரிச்சலே அதுதான்.

உத்தரவு தயாராகும் நாளில் எங்கள் அலுவலக எழுத்தர் ரேவதி, பணியிடப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் மேஜை முன்னால் வந்து நின்றாள். அதிர்ந்து பேசாத பெண். கேள்வி மட்டும் நறுக்கென்று வரும்.

"சார், ஒரு டவுட். வேகன்சி எங்க இருக்குது? ஓதுவார் ஐயா இன்னும் சர்வீஸ்லதானே இருக்காரு. ரெஜிஸ்டரை ஒரு தபா பாத்துடலாமா?"

"நல்ல காரியம் நடக்கும்போது குறுக்க வராதம்மா" என்றேன்.

அவள் பதிவேட்டைக் கொண்டுபோய் பீரோவில் வைத்தாள். 'தற்போதைய ஓதுவார் ஓய்வு பெறும் நாளுக்கு மறுநாள் முதல்' என்று நானே என் கையால் எழுதி உத்தரவில் சேர்த்தேன். வாசகம் அழகாக வந்திருக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

குழுவின் கடைசி நாளன்று தலைவர் ஒரு காரியம் செய்தார். எங்கள் கோயிலில் புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு, சுவாமிக்குச் சாத்திய பட்டுத் துணியைக் குருக்கள் தலையில் கட்டிவிடுவார். பரிவட்டம் என்பார்கள். கட்டிவிட்டால் தீர்ந்தது, எங்கள் தெருவில் அதற்குப் பிறகு காகிதத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். வேலையில் சேரும் நாளில் கட்டுவதுதான் வழக்கம். தலைவருக்கோ தன் கண் முன்னாலேயே அது நடக்க வேண்டும். பெண்ணுக்குக் கட்டி யாரும் பார்த்ததில்லை. குருக்கள் ஒரு நிமிடம் தயங்கினார், என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கட்டினார். அந்தப் பெண்ணின் அம்மா மண்டபத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அப்பா யாரைப் பார்த்தாலும் கும்பிட்டார்.

வெளியே வந்ததும் கலைச்செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சார், கம்பெனியில நோட்டீஸ் எழுதிக் குடுக்கணும். இப்பவே குடுத்தாத்தான் சரியான டைமுக்கு ரிலீவ் பண்ணுவாங்களாம். விட்டுடட்டுமா சார்? நீங்க சொன்னா விட்டுடறேன்."

"பரிவட்டமே கட்டியாச்சு. ஆர்டர் கையில இருக்குது. இன்னும் என்னம்மா சந்தேகம்? தைரியமா விடு" என்றேன்.

தண்ணீர் இருந்தால் கொடுங்கள்.

புதுக் குழு வந்தது. மண்டிக்காரர்தான் தலைவர். நாலு மாதம் அவர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பெரியவர் ஓய்வு பெற்றார், சால்வை போர்த்தி அனுப்பினோம். மறுநாள் காலை கலைச்செல்வி அப்பா அம்மாவோடு வந்துவிட்டாள். மஞ்சள் பட்டுப் புடவை, கையில் என் உத்தரவு, பிளாஸ்டிக் உறை போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

நான் அதைப் புதுத் தலைவர் முன்னால் வைத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். பொம்பளை அது இதென்று ஆரம்பித்தால் என்ன பதில் சொல்வது என்று நாலு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் குரலையே உயர்த்தவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"பழைய கமிட்டி எப்ப முடிஞ்சுது?"

சொன்னேன்.

"எடம் எப்ப காலி ஆச்சு?"

"நேத்து."

"அப்போ அவங்க போகும்போது இல்லாத எடத்துக்கு, அவங்க இல்லாத நாள்லேருந்து ஆள் போட்டிருக்காங்க. அது எப்பிடி சார்? என் மண்டியில நான் உக்காந்திருக்கிற வரைக்கும்தானே நான் எடை போடலாம்?"

எதிராளி தப்பாகப் பேசினால் பதில் இருந்தது. சரியாகப் பேசிவிட்டார். இருபத்தைந்து வருட சர்வீஸ் போட்டவன் கேட்காத இரண்டு கேள்வியை ஒரு அரிசி வியாபாரி கேட்டார்.

கலைச்செல்வியையும் அப்பா அம்மாவையும் மண்டபத்தில் உட்காரச் சொல்லிவிட்டு மேலதிகாரியைப் பார்க்க ஓடினேன். அந்த அம்மாவிடம்தான் நான் வேலை கற்றேன் என்று சொல்ல வேண்டும். வயதில் என்னைவிடச் சின்னவர். கோபப்படவே மாட்டார், அதனால் எல்லோருக்கும் அவரிடம் பயம். உத்தரவைப் படித்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது செல்லாது சார்" என்றார்.

"மேடம், முன்கூட்டியே ஆள் எடுக்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்லையே."

"எடுக்கலாம். அவங்க பதவியில இருக்கும்போதே அந்த இடம் காலியாகறதா இருந்தா, முன்னாடியே எடுத்து வெச்சுக்கலாம், தப்பே இல்ல. அவங்க பதவி முடிஞ்சப்புறம் காலியாகற இடம் அவங்களோடது கிடையாது. அடுத்து வர்றவங்களோடது. இன்னைக்கு இந்த மண்டிக்காரர் இருக்காரு. அவரு போறதுக்கு முந்தின நாள், இன்னும் பத்து வருஷத்துல யார் யார் ரிட்டையர் ஆவாங்களோ அத்தனை இடத்துக்கும் தன் ஆளுங்களப் போட்டுட்டுப் போனா ஒத்துப்பீங்களா?"

"மாட்டேன்" என்றேன். பொய்யா சொல்ல முடியும்?

"அப்போ நல்லவங்களுக்கு ஒரு சட்டம் வேணும்னு கேக்கறீங்களா?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்து ஒன்று கேட்டார்.

"அந்தக் கோயில்ல ஓதுவார் இடம் மொத்தம் எத்தனை?"

"ஒண்ணுதான் மேடம்."

"பதிவேட்டப் பாத்துச் சொல்றீங்களா, ஞாபகத்துல சொல்றீங்களா?"

அங்கிருந்தே ரேவதிக்குப் போன் செய்தேன். அவள் பீரோவைத் திறக்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. "ரெண்டு சார். அம்மன் சந்நிதிக்குத் தனியா ஒரு ஓதுவார் இடம் இருக்குது. இருந்தவர் இறந்ததுலேருந்து காலியாவே கிடக்குது. அன்னைக்கு அதைத்தான் சார் காட்ட வந்தேன்."

போனைக் காதிலிருந்து எடுக்கவே எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குப் புரிகிறதா? பழைய குழு இருந்தபோதே, நாங்கள் அறிவிப்பு ஒட்டிய நாளிலேயே, சட்டப்படி அவர்கள் நிரப்பக்கூடிய இடம் ஒன்று திறந்து கிடந்திருக்கிறது. அதற்கென்று அறிவிப்பு ஒட்டியிருந்தால், அதே பாட்டுக்கு, அதே மதிப்பெண்ணுக்கு, அந்தப் பெண் மறு வாரமே வேலையில் சேர்ந்திருப்பாள். எந்த மண்டிக்காரரும் அசைத்திருக்க முடியாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அலைந்தது போதாதென்று, அந்தப் பெண் கையில் இருந்த சோற்றையும் தட்டிவிட்டிருக்கிறேன். அட பாவி மனுஷா என்று என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன். மேலதிகாரி அம்மா எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மேடம், அதே உத்தரவை அம்மன் சந்நிதி இடத்துக்குன்னு மாத்தி..." என்று இழுத்தேன்.

"போன கமிட்டி அந்த இடத்துக்கு யாரையும் போடல. போட்ட மாதிரி இன்னைக்கு எழுதலாம்கிறீங்க. அதுக்குப் பேரு வேற சார். போங்க. அந்தப் பொண்ணு காத்துக்கினு இருப்பா. போய் நீங்களே சொல்லுங்க, பியூனை விட்டுச் சொல்லாதீங்க."

போனேன். மண்டபத்தில் மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மடியில் ஒரு டப்பா, எல்லோருக்கும் கொடுக்கக் கொண்டுவந்த கேசரி. நான் சொல்லி முடித்தேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

அப்பாதான் முதலில் பேசினார். "பரிவட்டம் கட்டினாங்களே சார்? ஊரே பாத்துச்சே?"

அம்மா டப்பாவை மூடினாள்.

கலைச்செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. "நான் கேட்டேன் இல்ல சார்? வேலையை விடட்டுமான்னு உங்களக் கேட்டேன் இல்ல?"

"கேட்டேம்மா... ஆமாம்மா, கேட்ட" என்று உளறினேன்.

"நீங்க நல்லவரா இருந்தீங்க சார். எனக்கு அது வேணாம். ரெஜிஸ்டரை ஒரு தபா பாத்திருந்தா போதும்."

பதிவேட்டைப் பற்றி ரேவதி அவளிடம் சொல்லியிருப்பாள். சொன்னது நியாயம்தான். மூவரும் எழுந்து போனார்கள். உத்தரவு மண்டபத்துத் தரையிலேயே கிடந்தது. நான்தான் குனிந்து எடுத்தேன்.

ரத்து உத்தரவையும் நானே எழுதினேன். என் தவறு என்று ஒரு வரியும் எழுதினேன். விளக்கம் கேட்டு மேலிருந்து கடிதம் வந்தது, பதில் கொடுத்தேன். தண்டனையும் வந்தது, அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. கம்பெனியில் கலைச்செல்வியைத் திரும்ப எடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பட்டுக்கடை ஒன்றில் சேலை மடித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். நான் அந்தத் தெருவழியாகப் போவதையே விட்டேன்.

பழைய தலைவர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். வழக்கம்போல் காபி கொண்டுவரவில்லை. என் எதிரில் உட்கார்ந்தார்.

"பாவு பிணைக்கறது சரிதான் சார். ஆனா தறி நம்மளுதா இருக்கணுமே. அடுத்தவன் தறியில போய்ப் பிணைச்சுட்டு வந்திருக்கேன். பொண்ணு வாழ்க்கை போச்சே" என்றார். அந்தச் சட்டத்தை இவ்வளவு தெளிவாக எந்தத் தீர்ப்பிலும் நான் படித்ததில்லை. நாலு மாதம் கழித்துச் சொல்கிறார், நான் என்ன செய்ய?

இரண்டு இடமும் காலி என்று குறிப்பு வைத்தேன். மண்டிக்காரர் அறிவிப்பில் 'ஆண்கள் மட்டும்' என்று போடச் சொன்னார். விதியில் அப்படி இல்லை என்று புத்தகத்தைப் பிரித்து, பக்கத்தைக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

கலைச்செல்வி வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். நான் கூப்பிடவில்லை, எனக்கு அந்த முகம் ஏது? ரேவதி கூப்பிட்டிருப்பாள். கடைக்குப் போட்டுப்போகும் சீருடைப் புடவையோடு வந்து, மண்டபத்தில் நின்று பாடினாள். இந்த முறை எட்டுப் பேர் போட்டி. வெளியிலிருந்து வந்த ஆசிரியரும் வேறு ஆள். மதிப்பெண் பட்டியலில் இவள்தான் முதல். தாள் மண்டிக்காரர் முன்னால் போயிற்று.

அவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு இதுல இஷ்டம் இல்ல. நாளைக்குக் கேட்டாலும் பொம்பளை வேணாம்னுதான் சொல்லுவேன். ஆனா என் மண்டியில தராசு ரெண்டு கிடையாது" என்றார். கையெழுத்துப் போட்டார்.

எனக்குப் பிடித்த மனிதர், பிடித்த பெண்ணுக்காகச் சட்டத்தைத் தாண்டினார், நான் கைகொடுத்துத் தாண்டவிட்டேன். எனக்குப் பிடிக்காத மனிதர், தனக்கே பிடிக்காத ஒன்றைச் சட்டத்துக்காகச் செய்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்துத் தாளை எடைபோடாதீர்கள். நாற்காலியில் இருப்பவரின் காலம் எது வரை, கேட்கும் இடம் எப்போது காலியாகிறது, இந்த இரண்டையும் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள். உங்கள் அலுவலகத்தில் ஒரு ரேவதி பதிவேட்டோடு வந்து நின்றால் எழுந்து நின்று வாங்குங்கள். வேலையை விடட்டுமா என்று யாராவது கேட்டால், உங்கள் வாயிலிருந்து வரும் பதில் இன்னொருவர் வீட்டு அடுப்பு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கலைச்செல்வி வேலையில் சேர வந்த காலையில் மண்டபத்தில் பழைய கூட்டம் இல்லை. அப்பா அம்மாகூட வாசலிலேயே நின்றுவிட்டார்கள். குருக்கள் தட்டில் பரிவட்டத்தோடு தயாராக இருந்தார். மண்டிக்காரரே உத்தரவை எடுத்து நீட்டினார். அவள் வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்றபடியே படித்தாள். குருக்கள் ஒரு அடி முன்னால் வந்தார்.

"ஒரு நிமிஷம் சாமி" என்றாள். "அக்கா, ரெஜிஸ்டர்."

ரேவதி கையிலேயே வைத்திருந்தாள். பிரித்து, ஓதுவார் இடம் காலி என்று இருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினாள். கலைச்செல்வி அந்த வரியையும் படித்தாள். பிறகு மண்டிக்காரரைப் பார்த்துக் கேட்டாள்:

"உங்க பதவி எது வரைக்கும் சார்?"

அந்த மனிதரை அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்குதும்மா" என்று அவரே பதில் சொன்னார்.

"சரி சார்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகுதான் குருக்களுக்குத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.